கண்டென்சரில் கரையும் நிலக்கரி: அனல்மின் நிலையக் குளிரூட்டலைச் சீர்செய்யப் படிப்படியான வழிகாட்டி

சாதாரண நிலக்கரி மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலே மின்சாரமாகிறது. கொதிகலனின் புகைபோக்கி வழியாகவும் பிற வழிகளிலும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடுகிறது. மிச்சம், ஏறத்தாழப் பாதி, டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரின் குழாய்களுக்குள் ஓடும் நீரில் இறங்கி வெளியேறுகிறது. இந்தப் பாதியை ஒழிக்க யாராலும் முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதற்கு இடம் தராது. ஆனால் அந்த வெப்பத்தை எந்த வெப்பநிலையில் வெளியே விடுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அது ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் நீராவி இன்னும் தாழ்ந்த அழுத்தத்தில் நீராகிறது. டர்பைனின் கடைசிக் கட்டங்கள் அதே நீராவியிலிருந்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்குகின்றன.

கண்டென்சருக்குள் இருக்கும் இந்தத் தாழ்ந்த அழுத்தத்தை வெற்றிடம் என்பார்கள். அது மோசமாகிவிட்டது, அதாவது அழுத்தம் ஏறிவிட்டது என்றவுடன் புதிய குளிரூட்டும் கோபுரத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது பல நிலையங்களில் வழக்கம். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, பட்ஜெட்டிலும் எடுப்பாக நிற்கிறது. நோய் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கண்டென்சரின் வெப்பநிலையை மூன்று கூறாகப் பிரித்து, எந்தக் கூறு வீங்கியிருக்கிறது என்று பார்த்த பிறகே பணத்தைத் தொட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை.

படி 1: வெற்றிடத்தின் விலையைக் கணக்கிடுங்கள்

46 டிகிரி செல்சியஸில் நீராவியின் பூரித அழுத்தம், அதாவது அந்த வெப்பநிலையில் நீராவி நீராகும் அழுத்தம், சுமார் 101 மில்லிபார். இந்த இடத்தில் ஒரு டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 5 மில்லிபார் கூடும். கண்டென்சர் அழுத்தம் 10 மில்லிபார் உயர்ந்தால் வெப்ப வீதம், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பம், பல டர்பைன்களில் ஒரு சதவீதத்தை ஒட்டி மோசமாகிறது. இது தோராயக் கணக்கு. சரியான எண் உங்கள் டர்பைனைத் தயாரித்தவர் தந்த திருத்த வளைகோட்டில் இருக்கும். அதை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, அதன்படி மில்லிபாருக்கு எத்தனை டன் நிலக்கரி என்று ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டுங்கள். இனி வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்தத் தாள்தான் உரைகல்.

அந்த வளைகோட்டில் இன்னொன்றும் தெரியும். மிகத் தாழ்ந்த அழுத்தத்துக்குப் போகப் போகக் கோடு சமதளமாகிவிடும். கடைசி வரிசை இலைகளைக் கடக்கும் நீராவி ஒலியின் வேகத்தை எட்டி அடைபட்ட பிறகு வெற்றிடத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் கூடுதல் வேலை கிடைக்காது. கண்டென்சரின் அடித்தொட்டியான ஹாட்வெல்லில் சேரும் நீர் வீணாகக் குளிர்ந்து, அதை மறுபடி சூடாக்க டர்பைனிலிருந்து அதிக நீராவி உருவ வேண்டி வரும். எனவே ‘எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது’ என்பது குளிர்காலத்தில் பொய்யாகிவிடும்.

படி 2: அளவீட்டை நம்பும்படி ஆக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தவறான அழுத்த எண்ணை வைத்துக்கொண்டு செய்யும் ஆய்வு எதற்கும் உதவாது.

‘வெற்றிடம் 680 மில்லிமீட்டர் பாதரசம்’ என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கடல் மட்டத்தில் இருக்கும் நிலையத்தில் அதற்குப் பொருள் 80 மில்லிமீட்டர் தனி அழுத்தம் (முழு வெறுமையைச் சுழியாகக் கொண்டு அளப்பது), அதாவது சுமார் 107 மில்லிபார். அதே 680, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிலையத்தில் சுமார் 48 மில்லிபார். முதலாவது சுமாரான வெற்றிடம், இரண்டாவது மிகச் சிறந்தது. ஒரே இடத்தில்கூட வானிலை மாறும்போது வளிமண்டல அழுத்தம் பல மில்லிபார் ஏறி இறங்கும். ஆகவே தனி அழுத்தத்தை நேரடியாக அளக்கும் கருவியை வையுங்கள். அந்த இணைப்புக் குழாய் கருவியிலிருந்து கண்டென்சரை நோக்கித் தொடர்ச்சியாகச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தொங்கல் இருந்தால் அங்கே நீர் தேங்கும். பத்து சென்டிமீட்டர் நீர் தேங்கினாலே அளவு சுமார் 10 மில்லிபார் பிசகும். முதல் படியின் கணக்கில் அது ஒரு சதவீத நிலக்கரி.

கண்டென்சரிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலையை ஒரே இடத்தில் அளப்பது இன்னொரு பொறி. பெரிய குழாயில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் உடனே கலந்துவிடுவதில்லை. குறுக்குவெட்டில் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கடைசியாக ஒரு குறுக்குச் சோதனை: அளந்த அழுத்தத்துக்கு உரிய பூரித வெப்பநிலையும் டர்பைன் வெளியேற்றப் பகுதியில் காட்டும் வெப்பநிலையும் ஒன்றோடொன்று ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

படி 3: வெப்பநிலையை மூன்றாகப் பிரியுங்கள்

கண்டென்சரில் நீராவி நீராகும் வெப்பநிலை என்பது மூன்று எண்களின் கூட்டுத்தொகை. முதலாவது, உள்ளே வரும் குளிர்ந்த நீரின் வெப்பநிலை. இரண்டாவது, கண்டென்சருக்குள் அந்த நீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்பது. இதை ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, வெளியேறும் நீருக்கும் நீராவிக்கும் இடையே எஞ்சி நிற்கும் வித்தியாசம்; ஆலைகளில் இதை டி.டி.டி. என்பார்கள்.

வடிவமைப்பில் 33 + 10 + 3 = 46 டிகிரி என்று இருந்த ஓர் அலகில் இன்று 34 + 10 + 8 = 52 டிகிரி வருகிறது என்று கொள்வோம். அழுத்தம் 101 மில்லிபாரிலிருந்து 136 மில்லிபாருக்குப் போய்விட்டது. 35 மில்லிபார் என்றால் தோராயமாக 3 சதவீத இழப்பு. மணிக்கு 300 டன் நிலக்கரி எரிக்கும் அலகில் அது மணிக்கு 9 டன், நாளொன்றுக்கு 216 டன். இந்த ஆறு டிகிரியில் கோபுரத்தின் பங்கு ஒன்றே ஒன்று. பம்புகளின் பங்கு இல்லை. மீதி ஐந்தும் கண்டென்சருக்குள்ளேயே இருக்கின்றன. இந்த நிலையத்தில் கோபுரத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர் ஆறில் ஒரு பங்கைச் சரிசெய்யப் போகிறார், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

குளிர்ந்த நீர் சூடாக வந்தால் கோபுரத்தைப் பாருங்கள். ஏற்றம் கூடியிருந்தால் நீரோட்டம் குறைந்திருக்கிறது. டி.டி.டி. கூடியிருந்தால் குழாய்களில் அழுக்கோ, நீராவிப் பக்கத்தில் காற்றோ சேர்ந்திருக்கிறது. ஒப்பிடும்போது சுமை ஒன்றாக இருக்கட்டும். பாதிச் சுமையில் ஏற்றமும் கிட்டத்தட்டப் பாதியாகும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

படி 4: காற்றா, அழுக்கா என்று தீர்மானியுங்கள்

டி.டி.டி. உயர்வுக்கு இருக்கும் இரண்டு காரணங்களுக்கும் மருந்து வேறு வேறு. காற்றுக் கசிவு இருக்கும் கண்டென்சரின் குழாய்களை எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை.

எளிய சோதனை ஒன்று உண்டு. கண்டென்சரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்புகளில் காத்திருப்பில் இருக்கும் இரண்டாவதை ஓட்டிப் பாருங்கள். வெற்றிடம் சட்டென்று மேம்பட்டால் சந்தேகம் காற்றின் பக்கம் சாய்கிறது. அசையாமல் நின்றால் குழாய்களைச் சந்தேகியுங்கள். ஹாட்வெல் நீர் பூரித வெப்பநிலையைவிடக் குளிர்ந்திருப்பதும், அதில் கரைந்த ஆக்சிஜன் கூடியிருப்பதும் காற்று நுழைவதற்கான அடையாளங்கள். கண்டென்சரின் இரு முனைகளுக்கு இடையே நீரழுத்த வீழ்ச்சி கூடியிருப்பது குழாய்கள் அடைபட்டிருப்பதன் அடையாளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கசிவைத் தேட அலுப்புப்பட்டு இரண்டு பம்புகளையும் நிரந்தரமாக ஓட்டிக்கொண்டிருக்கும் நிலையங்கள் உண்டு. வெற்றிடம் நன்றாகத்தான் தெரியும். அந்தப் பம்புகளின் மின்சாரச் செலவு இரட்டிப்பாகும், காத்திருப்புப் பம்பு என்று ஒன்று இல்லாமல் போகும், கசிவும் வளர்ந்துகொண்டே போகும்.

கசிவைத் தேடுமுன் பம்பையே ஒரு முறை பாருங்கள். நீர்வளைய வகைப் பம்புக்குள் சுழலும் அடைப்பு நீர் சூடாக இருந்தால் அந்த நீரே உள்ளுக்குள் ஆவியாகிப் பம்பின் கொள்ளளவைத் தின்றுவிடும். அந்த நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே பம்பால் இழுக்கவே முடியாது. அதன் சிறிய குளிர்விப்பான் அடைபட்டிருப்பதே ‘காற்றுக் கசிவு’ என்று பல மாதம் தேடப்பட்ட நோயின் மூலமாக இருப்பதுண்டு. பம்பின் உடலில் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டால் முதலில் அந்தக் குளிர்விப்பானைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அலகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கசிவைக் கண்டுபிடிக்க ஹீலியம் சிறந்த கருவி. சந்தேகப்படும் இடங்களில் கொஞ்சமாகத் தெளித்து, வேக்குவம் பம்பின் வெளியேற்றத்தில் உணர்கருவி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹீலியம் மேலே ஏறும் வாயு என்பதால் மேல்தளத்திலிருந்து கீழே வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே உள்ள கசிவையும் கீழே உள்ளதையும் பிரித்தறிய முடியாது. தாழழுத்த டர்பைனின் கிளாண்டுகள் (சுழல்தண்டைச் சுற்றியுள்ள அடைப்புகள்), அதன் மேல்மூடியில் உள்ள பாதுகாப்புத் தகடு, டர்பைனையும் கண்டென்சரையும் இணைக்கும் விரிவு இணைப்பு, வெற்றிடத்தை முறிக்கும் வால்வு, கண்டென்சேட் பம்பின் கிளாண்டு, நீர்மட்டக் கண்ணாடிகள் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. அலகு நிற்கும்போது நீராவிப் பக்கத்தை நீரால் நிரப்பிச் சொட்டும் இடத்தைப் பார்ப்பது பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது. கண்டென்சரின் தாங்கிகள் அந்த எடையைச் சுமக்கும்படி முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

படி 5: குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள்

குழாயின் உட்சுவரில் கால் மில்லிமீட்டர் தடிமனில் வழும்பு படிந்தால் அது ஒரு மில்லிமீட்டர் பித்தளைச் சுவரைவிட நாற்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். வழும்பு பெரும்பாலும் நீர்தான். நகராமல் ஒட்டிக்கொண்ட நீர், நல்ல வெப்பக் காப்பு. சுண்ணாம்புப் படிவு பார்வைக்குப் பயமுறுத்தினாலும் அதே தடிமனில் வழும்பே கூடுதலாகக் கெடுக்கிறது. கை வைத்தால் வழுக்கும் குழாயைப் ‘பரவாயில்லை, உப்பு படியவில்லை’ என்று மூடிவிடாதீர்கள்.

ஓட்டத்திலேயே சுத்தம் செய்யும் ரப்பர் பஞ்சுப் பந்துகள் உங்கள் நிலையத்தில் இருக்கலாம். இருந்தும் ஓடாமல் இருக்கலாம். பந்து குழாயின் உள்விட்டத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால்தான் சுவரைத் தேய்த்துக்கொண்டு போகும். தேய்ந்து சிறுத்த பந்து நீரோடு சும்மா பயணம் செய்யும். எனவே வாரந்தோறும் பந்துகளைப் பிடித்து, எண்ணி, அளவுத் துளையில் போட்டுப் பாருங்கள். தடையின்றி விழுவதைக் கழியுங்கள். புழக்கத்தில் உள்ள பந்துகளின் எண்ணிக்கை, அவை ஓடும் பாதையிலுள்ள குழாய்களில் சுமார் பத்து சதவீதமாக இருப்பது வழக்கம். கோபுரத்தின் தொட்டியில் பந்துகள் மிதந்தால், பிடிக்கும் சல்லடை முழுதாக மூடவில்லை என்று பொருள். பந்து தீர்ந்துவிட்டது என்று அமைப்பையே நிறுத்திவைப்பதைவிடச் சல்லடையின் விளிம்பைச் சரிசெய்வது மலிவு.

அலகு நிற்கும்போது நீரழுத்தத்தால் குழாய்க்குள் சுரண்டிகளைச் செலுத்துவது மென்மையான படிவுக்கும் நடுத்தரப் படிவுக்கும் போதும். கெட்டித்துப் போன சுண்ணாம்புக்குத் தடுப்பான் சேர்த்த அமிலம் தேவைப்படலாம். அதற்கு முன் ஒரு குழாயை வெட்டி எடுத்து, படிவு எதனால் ஆனது என்று ஆய்வகத்தில் பாருங்கள். மணலும் சிலிகாவும் கலந்த படிவு சாதாரண அமிலத்துக்கு அசையாது, குழாய்தான் தேயும்.

மூடியைத் திறந்திருக்கும்போதே, குழாய்ச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று காட்டும் சுழல் மின்னோட்டச் சோதனையும் செய்துவிடுங்கள். மெலிந்த குழாய் இன்றைக்கு அடைக்கப்பட்டால் சிறு இழப்பு. நாளை அது உடைந்து குளிர்நீரின் உப்பு கொதிகலனுக்குள் போனால் இழப்பு வேறு அளவில் இருக்கும்.

படி 6: நீரோட்டம்

ஏற்றம் கூடியிருந்தால் உடனே பம்பைக் குறை சொல்லத் தோன்றும். முதலில் நீர்ப்பெட்டியின் மேற்புறக் காற்றுப்போக்கியைத் திறந்து பாருங்கள். காற்று சீறிக்கொண்டு வந்தால் மேல்வரிசைக் குழாய்கள் இதுவரை நீரின்றி நின்றிருக்கின்றன. இரண்டு சுற்று ஓடும் கண்டென்சரில் நடுத்தடுப்பின் கேஸ்கெட் கிழிந்தால் நீர் குழாய்களைத் தொடாமலே உள்வாயிலிலிருந்து வெளிவாயிலுக்குத் தாவிவிடும். வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்பதைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அல்லாமல் நேரில் போய்ப் பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால் பம்பின் தூண்டியை (நீரைத் தள்ளும் சுழலியை) கழற்றலாம்.

படி 7: கோபுரம்

நனைந்த கோபுரத்தின் எல்லை ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் வெப்பநிலை. குளிர்ந்த நீருக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள இடைவெளியை அணுகல் என்பார்கள். நல்ல வடிவமைப்பில் அது 4 அல்லது 5 டிகிரி. வெப்பம் மிகுந்த நாளில் குளிர்நீர் சூடாக வருவது கோபுரத்தின் குற்றமல்ல. அணுகல் விரிந்தால்தான் குற்றம். ஈரக்குமிழைக் கோபுரத்தின் காற்று நுழைவாயிலருகே அளக்க வேண்டும். வெளியேறிய ஈரக்காற்றைக் கோபுரமே திரும்ப உறிஞ்சிக்கொள்வது தொலைவிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணில் தெரியாது.

பிறகு உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். நீரைப் பரப்பிக் காற்றோடு சேரவிடும் நிரப்பியின் அடியிலிருந்து நீர் ஒரே சீராகத் தூறலாக விழ வேண்டும். ஓரிடத்தில் கயிறு போலத் தாரை விழுந்தால் மேலே தெளிப்புமுனை கழன்றிருக்கிறது. பக்கத்தில் வறண்ட திட்டு இருந்தால் அங்கே அடைப்பு. காற்று எப்போதும் தடையில்லாத வறண்ட வழியையே தேர்ந்தெடுக்கும். நீரும் காற்றும் சந்திக்காத கோபுரம் குளிர்விக்காது. தெளிப்புமுனைகளை மாற்றுவது இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகளில் மிகக் குறைந்த செலவில் முடிவது.

நெருக்கமான தாள் போன்ற நிரப்பி புதிதாக இருக்கும்போது மிக நன்றாக வேலை செய்யும். கலங்கல் நீரில் அது சேறு பிடித்துக் கனத்துவிடும். ஒரு கட்டை எடுத்து நிறுத்துப் பார்த்து, புதியதன் எடையோடு ஒப்பிட்டால் நிலைமை தெரியும். உங்கள் நீர் கலங்கலானது என்றால் அகன்ற செங்குத்துக் கால்வாய் உள்ள நிரப்பியையோ சிதறல் வகையையோ போடுங்கள். காகிதத்தில் செயல்திறன் ஓரளவு குறைவாக இருக்கும். மூன்றாம் ஆண்டிலும் அதே செயல்திறன் இருக்கும். விசிறி உள்ள கோபுரங்களில் இலைக்கோணத்தையும் இலை நுனிக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளியையும் சரிபாருங்கள். நெதர்லாந்தின் ஹேர்லன் அருகே 1918இல் முதன்முதலாகக் கட்டப்பட்ட, இடை சிறுத்த மிகைவளையக் கோபுர வகைக்கு விசிறி கிடையாது. சூடான காற்றின் மிதப்பே அதன் இயந்திரம். அங்கே நிரப்பி அடைபட்டால் ஈடுகட்ட வேறு வழியே இல்லை.

நீரின் வேதியியலும் இங்கேதான் வருகிறது. மணிக்கு 60,000 கன மீட்டர் நீரை 10 டிகிரி குளிர்விக்கும் கோபுரத்தில் தோராயமாக 900 கன மீட்டர் ஆவியாகும். உப்பு மூன்று மடங்கு செறியும்வரை விட்டால் 450 கன மீட்டரைக் கழிவாக வெளியேற்ற வேண்டும். ஐந்து மடங்கு என்றால் 225 போதும். நீர் மிச்சமாகிறது, ஆனால் படிவுத் தடுப்பு மருந்து சரியாக இல்லாவிட்டால் மிச்சப்பட்ட நீரின் உப்பு கண்டென்சர் குழாயில் போய் ஒட்டும். செறிவை உயர்த்துகிற வேதியியலாளரும் டி.டி.டி.யைப் பார்க்கிற பொறியாளரும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கிருமிக்கொல்லியின் அளவைக் குறைத்து மிச்சம் பிடிப்பது வழும்புக்கு அழைப்பு விடுவதாகும். நுரையீரல் அழற்சி தரும் லெஜியோனெல்லா பாக்டீரியாவின் அபாயமும் கூடவே வரும்.

படி 8: தினசரி இயக்கத்தைச் செம்மையாக்குங்கள்

மணிக்கு 30,000 கன மீட்டர் நீரை 25 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பம்பு சுமார் 2.4 மெகாவாட் தின்னும். இரவில் சுமை இறங்கி, நீரும் குளிர்ந்திருக்கும்போது ஒரு பம்பை நிறுத்தினால் வெற்றிடம் கொஞ்சம் குறையும். டர்பைனில் இழக்கும் மெகாவாட் 2.4ஐவிடக் குறைவு என்றால் நிறுத்துவதே லாபம். சுமை, குளிர்நீர் வெப்பநிலை என்ற இரண்டை வைத்து எந்த நேரத்தில் எத்தனை பம்பு, எத்தனை விசிறி என்ற அட்டவணையை முதல் படியின் வளைகோட்டிலிருந்து தயாரியுங்கள். இரட்டை வேக மோட்டார் இருந்தால் இந்த அட்டவணைக்கு இன்னும் பல படிகள் கிடைக்கும்.

படி 9: இதற்குப் பிறகே பெரிய முதலீடு

முன்னே சொன்னவற்றை முடித்தபின்னும் இடைவெளி மிச்சமிருந்தால் குழாய்களை மாற்றுவது, கோபுரத்துக்குக் கூடுதல் அறைகள் சேர்ப்பது ஆகியவற்றைக் கணக்கிடலாம். பித்தளையிலிருந்து டைட்டானியத்துக்கு மாறும்போது உலோகத்தின் வெப்பக் கடத்துதிறன் குறைகிறது. மெல்லிய சுவரும் அரிக்காத தன்மையும் அதை ஈடுசெய்கின்றன. ஆனால் மெல்லிய குழாய் அதிகம் அதிரும். பழைய தாங்கு தகடுகளின் இடைவெளி புதிய குழாய்க்குப் பொருந்துமா என்று கணக்கிடாமல் ஒப்பந்தம் போட்டால் ஓரிரு ஆண்டுகளில் குழாய்கள் ஒன்றையொன்று உரசித் துளைபடும்.

நீரே இல்லாத இடங்களுக்கு, நீரை ஆவியாக்காமல் காற்றாலேயே குளிர்விக்கும் உலர் குளிரூட்டல் உண்டு. தென்னாப்பிரிக்காவின் மாட்டிம்பா, கெண்டல், மெடுப்பி ஆகிய பெரிய நிலக்கரி நிலையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். பதிலுக்கு, எல்லை ஈரக்குமிழிலிருந்து உலர்குமிழுக்கு, அதாவது காற்றின் சாதாரண வெப்பநிலைக்கு, ஏறிவிடுவதால் வெயில் நேரத்தில் வெற்றிடம் மோசமாகும். அதைச் செயல்திறன் மேம்பாடு என்று விற்க வருபவரை நம்ப வேண்டாம். அது நீர்ச் சிக்கனம். ஏற்கெனவே உலர் அமைப்பு இருப்பவர்கள் துடுப்புகளை அழுத்த நீரால் கழுவுவதிலும், குறுக்குக்காற்று விசிறிகளைத் திணறடிக்காமல் திரைகள் கட்டுவதிலும் முதலில் கவனம் செலுத்தலாம்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் உத்தரவாதச் சோதனையை எழுதுங்கள். கோபுரம் என்றால் குறிப்பிட்ட ஈரக்குமிழிலும் நீரோட்டத்திலும் தர வேண்டிய குளிர்நீர் வெப்பநிலை; கண்டென்சர் என்றால் குறிப்பிட்ட சுமையில் தர வேண்டிய டி.டி.டி. சோதனை வடிவமைப்பு நிலையை ஒட்டிய வெப்பமான பருவத்தில், காற்று அமைதியாக உள்ள நாளில் நடக்க வேண்டும். அளக்கும் கருவிகள் இரண்டாம் படியில் நீங்கள் சரிபார்த்தவையாக இருக்கட்டும். ஒவ்வொரு டிகிரிக் குறைவுக்கும் இழப்பீடு எவ்வளவு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எண்ணாகக் குறித்துவிடுங்கள்.